நிறைவேறிய உறுதிமொழி

செல்வின் பர்னாந்துவைத் தூத்துக்குடி மில்லர்புரத்தில் தெரியாதவர்கள் குறைவு. சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் வாசலை ஒட்டிய மேசை அவனுடையது. முதியோர் பென்ஷன் நின்றுபோனவர்கள், பட்டாவில் பெயர் மாறிப்போனவர்கள், குழாயில் காற்றுதான் வருகிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். யார் எவ்வளவு கத்தினாலும் அவன் குரல் உயராது. பாதிச் சண்டை அந்த மேசையிலேயே அடங்கிவிடும். எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதியில் இருக்கும் நல்ல பெயரில் பாதி இவன் வாங்கிக் கொடுத்தது என்றால் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும், உண்மை அதுதான்.

மனு கொடுக்க வருகிறவர்களுக்காகச் சுவரோரம் ஒரு நீள பெஞ்சு கிடக்கிறது. எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதன் கடைசியில் ஓர் ஆள் உட்காரும் இடத்தைச் செல்வின் காலியாக வைத்திருப்பான். தெரியாமல் யாராவது உட்காரப் போனால், "அங்கன வேண்டாம், ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு" என்பான். ஆணி எதுவும் கிடையாது. அங்கே கிளைட்டன் உட்கார்ந்திருப்பான்.

கிளைட்டன், செல்வினுடைய தங்கை ரீனாவின் புருஷன். அவன் செத்து ஆறு வருஷம் ஆகிறது.

பேய் என்றால் இருட்டில் வரும், நாய் ஊளையிடும் என்றெல்லாம் சொல்கிறார்களே, கிளைட்டன் அப்படி இல்லை. அலுவலகம் திறந்த பிறகுதான் வருவான், மற்ற மனுதாரர்களைப் போல. ஈர டவுசரும் பனியனுமாக வந்து உட்கார்ந்து, தன் இரண்டு கால்களையும் கையாலேயே தூக்கி ஒழுங்காக வைத்துக்கொள்வான். பேச மாட்டான். செல்வின் நிமிர்ந்து பார்த்தால் அவனும் பார்ப்பான். தன் முறை வரும் என்று காத்திருக்கிறவனுடைய பார்வை அது. செல்வின் இதை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை, சொன்னால் பங்குச் சாமியார் அவனை மனநல டாக்டரிடம் அனுப்பிவிடுவார்.

செல்வின் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவன். சங்கு குளிக்கிற படகில் கயிறு பிடிக்கிற வேலை. முத்துக் குளித்த நாளிலிருந்து இந்தக் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் இருந்து பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூலிக்கு வந்தவன் அசந்துவிடலாம், சொந்தத் தம்பிக்குக்கூட மனசுக்குள் ஏதாவது இருக்கலாம், ஆனால் தன் அக்கா தங்கச்சி தாலியறுக்க எவனும் விட மாட்டான் என்ற நம்பிக்கை. செல்வினின் அப்பா தன் மச்சானுக்குப் பிடித்தார். செல்வின் கிளைட்டனுக்குப் பிடித்தான்.

முன்பெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு குளித்தார்கள். அப்போது கயிறு பிடிக்கிறவனுக்குத் தெரிய வேண்டிய வித்தை ஒன்றே ஒன்று: உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டும். இப்போது படகில் கம்ப்ரசர் ஓடுகிறது, டியூப் வழியாகக் காற்று இறங்குகிறது, குளிக்கிறவன் அடியிலேயே வெகுநேரம் கிடக்கிறான். அதனால் வித்தையும் தலைகீழாகிவிட்டது. அவனை மெதுவாக, நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் தூக்க வேண்டும். சட்டென்று தூக்கினால், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல உடம்புக்குள் அடங்கியிருந்த காற்று நுரைத்துக்கொண்டு கிளம்பும். கை கால் விழும், சிலருக்கு மூச்சே நிற்கும். இதெல்லாம் செல்வினுக்கு நன்றாகத் தெரியும். கிளைட்டனே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

அன்றைக்குக் கம்ப்ரசர் ஒருமுறை இருமியது. இருமிவிட்டு மறுபடியும் ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குள் செல்வினின் கைகள் அவனைக் கேட்காமலே இழுக்க ஆரம்பித்துவிட்டன. தங்கச்சியின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவன் அப்பா எப்படி இழுப்பாரோ அப்படி இழுத்தான். படகில் இருந்த இன்னொருவன் முதுகைக் காட்டிக்கொண்டு மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், அவன் எதையும் பார்க்கவில்லை.

கிளைட்டன் மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்ன மச்சான், தேரா இழுக்க?" என்றான். டீ கேட்டான். பாதி டீ குடித்ததும், காலில் எறும்பு ஊறுகிறது என்றான். கரைக்கு வந்தபோது அவனால் எழுந்து நிற்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இப்படி வந்தவர்களை இரும்பு டேங்கு ஒன்றுக்குள் படுக்கவைத்து, கடலடியில் இருக்கிற அழுத்தத்தைக் காற்றாலேயே திரும்பவும் கொடுத்து, அதைப் பொறுமையாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டுமாம். அந்த டேங்கு இந்த ஊரில் கிடையாது. இருக்கிற ஊர் வெகு தொலைவில் இருந்தது. ஆம்புலன்சில் பின்னால் ரீனா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல்வின் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கம்ப்ரசர் கோளாறு என்று ஊர் சொன்னது. தான் இழுத்த வேகத்தைச் செல்வின் ஒருவரிடமும் சொல்லவில்லை. ரீனாவும் கேட்கவில்லை. அவன் கடலை விட்டுவிட்டு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

ரீனாவுக்கு ஒரே மகன், ஆன்டனி. அப்பா செத்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவனுக்கு மீசை கறுத்ததும் கண் கடல் பக்கம் போனது. அவள் ஒரே பேச்சில் சொல்லிவிட்டாள்.

"அந்த டேங்கு இந்த ஊருக்கு வரட்டும். வந்து வேல செய்யட்டும். பொறவு நீ எறங்கு. அதுக்கு முன்னால எறங்குனா உனக்கு அம்மா கெடையாது."

டேங்கு வந்தால் ஆன்டனி இறங்குவான். வராமலே போனால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் இறங்குவான். இரண்டில் எது நடந்தாலும், அவனுக்கு ஒன்று ஆனால் தூக்கிக்கொண்டு ஓட இந்த ஊரிலேயே ஓர் இடம் இருக்க வேண்டும். செல்வினுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். அதைத்தான் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறவனும் கேட்கிறான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எம்.எல்.ஏ.வின் சட்டமன்ற வேலைகளைச் சென்னையில் பார்த்துக்கொண்டவள் உமாராணி. சாயர்புரத்துக்காரி, கெட்டிக்காரி, கொஞ்சம் சிடுசிடுப்பும் உண்டு. பட்ஜெட்டில் டேங்குக்குப் பணம் கூட்டிக் கேட்க வேண்டும் என்று செல்வின் அவளுக்குப் போன் செய்தான்.

"அண்ணாச்சி, கூட்டிக் கேக்க மெம்பருக்கு அதிகாரம் கெடையாது" என்றாள் உமாராணி. "அரசாங்கம் கேக்குற பணத்தக் குடுக்கலாம், இல்லன்னு சொல்லலாம், கொறைக்கலாம். ஒரு பைசா கூட்ட முடியாது."

"பின்ன டேங்க எப்படிக் கேக்க?"

"துறைக்குக் குடுக்குற பணத்துல நூறு ரூவாயக் கொறைங்கன்னு கேக்கணும்."

செல்வின் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தான். உமாராணி பொறுமையாகவே விளக்கினாள். அதற்கு வெட்டுத் தீர்மானம் என்று பெயர். நூறு ரூபாயை யாரும் உண்மையாகக் குறைக்கப் போவதில்லை. குறைக்கச் சொல்வதற்குக் காரணம் ஒன்று எழுத வேண்டுமல்லவா, அந்த இடத்தில்தான் 'தூத்துக்குடியில் சங்கு குளிப்போருக்கு அழுத்தச் சிகிச்சை அறை இல்லாதது பற்றி' என்று எழுதுவார்கள். அதற்கு அமைச்சர் பேரவையில் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். கொடு என்று கேட்க முடியாத இடத்தில், குறை என்று சொல்லிக் கேட்கிறார்கள்.

இது செல்வினுக்குப் புரிந்தது. ஊருக்குப் புரியவில்லை. கடல்தொழில் நலத் துறைக்கான நிதியைக் குறைக்கத் தீர்மானம் என்று பத்திரிகையில் எம்.எல்.ஏ. பெயரோடு ஒரு துண்டுச் செய்தி வந்துவிட்டது. அன்று காலை அய்யாக்குட்டி அண்ணாச்சியின் டீக்கடையில் செல்வினைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

"ஏலே செல்வின், உன் மச்சான் உசுரு போயிட்டு. இப்பம் நமக்கு வார பணத்தையும் வெட்டச் சொல்லுதியா?" என்று கேட்டார் அய்யாக்குட்டி. அவர் கடலில் கால் நனைக்காத பனங்காட்டுக்காரர், ஆனாலும் கடல்காரர்கள் கடனுக்குக் குடிக்கும் கடை என்பதால் அவருக்கும் கவலை. செல்வின் முதலிலிருந்து கடைசிவரை விளக்கினான். எல்லாரும் கேட்டுவிட்டு, அப்படியானால் நூறு ரூபாயை யார் திருப்பித் தருவார்கள் என்று கேட்டார்கள்.

துறைக்குப் பணம் ஒதுக்குவதைப் பேரவை விவாதிக்கிற மானியக் கோரிக்கை நாளில் செல்வின் சென்னைக்குப் போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வர அவனுக்குப் பாஸ் வாங்க வேண்டியிருந்தது. கிளைட்டனுக்கு வேண்டியிருக்கவில்லை. பக்கத்து இருக்கையில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனும் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வோர் உறுப்பினர் முன்னாலும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு இருந்தது. துறைகள் வருஷம் முழுக்கச் செய்ததும் செய்யப்போவதும் பேரவைக்கு இப்படித்தான் வந்து சேர்கின்றன. சிலர் புரட்டினார்கள், சிலர் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்கள். சங்கு குளிப்போர் பாதுகாப்புக்கு உரிய நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன என்று அதில் ஒரு வரி இருப்பதாக உமாராணி சொல்லியிருந்தாள்.

எம்.எல்.ஏ. நன்றாகவே பேசினார். அமைச்சர் எழுந்து, தூத்துக்குடியில் அழுத்தச் சிகிச்சை அறை அமைக்க நடவடிக்கை எடுக்கப்படும், ஆகவே உறுப்பினர் தம் வெட்டுத் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எம்.எல்.ஏ. திரும்பப் பெற்றுக்கொண்டார். மானியம் ஒரு ரூபாய் குறையாமல் நிறைவேறியது. செல்வின் மாடத்தை விட்டு இறங்கி ஓடினான். வெளியே வந்து உமாராணியைப் பிடித்தான்.

"வாபஸ் வாங்கிட்டாவளே மேடம்?"

"வாபஸ் வாங்குனாத்தான் நாம ஜெயிச்சோம்னு அர்த்தம். அமைச்சர் வாயில எடுக்கப்படும்னு வந்துட்டுல்லா, இனிமே அது உறுதிமொழி. சட்டசபையில உறுதிமொழிக் குழுன்னு மெம்பர்க குழு ஒண்ணு இருக்கு, அது குறிச்சுக்கும். நிறைவேத்துற வரைக்கும் துறைய விடாது."

"நிறைவேத்தலன்னா?"

"நிலுவையில கெடக்கும். பேய் மாதிரி சுத்திக்கிட்டே கெடக்கும், அண்ணாச்சி."

செல்வினால் சிரிக்க முடியவில்லை.

உறுதிமொழி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. துறை ஒரு வருஷம் பரிசீலனையில் என்று பதில் அனுப்பியது, மறு வருஷம் கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது என்றது. பிறகு ஒருநாள் துணை மதிப்பீட்டில், பட்ஜெட்டில் விட்டுப்போனவற்றை வருஷ நடுவில் பேரவை ஏற்றுக்கொள்கிறதே அந்தப் பட்டியலில், டேங்குக்கு ஒரு வரி வந்தது. கடற்கரைச் சாலையில் குளியாளர் நல மையம் என்று ஒரு கட்டடம் எழும்பியது. லாரியில் டேங்கு வந்து இறங்கியது. வெள்ளைப் பூச்சு, ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம், பக்கவாட்டில் வட்டக் கண்ணாடி. ரீனா நடந்தே போய் அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தாள்.

டேங்கு வந்தது, டேங்குக்குள் காற்றை அடைக்கிற இயந்திரம் வரவில்லை. அதற்காகக் கட்டிய சிமென்ட் மேடை வெறுமனே கிடந்தது. இயக்கத் தெரிந்த ஆளும் இல்லை. டேங்கு ஒரு துறையின் பணம், ஆள் இன்னொரு துறையின் பணியிடம், இயந்திரம் டெண்டரில். மாப்பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரும் வந்துசேர்ந்த கல்யாணம் மாதிரி இருந்தது. செல்வின் வாரம் தவறாமல் போய்ப் பார்த்தான், வாரம் தவறாமல் ரீனாவிடம் இன்னும் இல்லை என்று சொன்னான். ஆன்டனி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

இந்த நிலைமையில்தான் உறுதிமொழிக் குழு தூத்துக்குடிக்கு வருகிறது என்று தகவல் வந்தது. துறை குழுவுக்கு அனுப்பிய அறிக்கையை உமாராணி போனில் படித்துக் காட்டினாள். அழுத்தச் சிகிச்சை அறை நிறுவப்பட்டுள்ளது, உறுதிமொழி நிறைவேற்றப்பட்டதாகக் கருதி முடித்துக்கொள்ளலாம்.

"நிறுவப்பட்டுள்ளதுன்னா பொய்யில்ல பாத்துக்கிடுங்க" என்றாள் உமாராணி. "வேல செய்யுதுன்னு அவங்க சொல்லவே இல்ல. குழு ஒத்துக்கிட்டா முடிஞ்சுது, பொறவு துறைய ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நம்ம எம்.எல்.ஏ. அன்னைக்கு ஊர்ல இல்ல. நீங்க அங்கன நில்லுங்க. நீங்களாப் போயிப் பேசப்படாது. குழுத் தலைவர் உங்களப் பாத்துக் கேட்டா மட்டும் உள்ளத உள்ளபடி சொல்லிருங்க. ஒரு வாக்கியம் போதும்."

செல்வின் அந்த ஒரு வாக்கியத்தை நாலு நாள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். 'ஐயா, இதுக்குக் காத்து மிசினும் இல்ல, ஆளும் இல்ல.' குளிக்கும்போதும் சொன்னான், பூசையில் மற்றவர்கள் ஆமென் சொல்லும்போதும் இதைச் சொன்னான்.

குழு வந்தது. வரிசையாகக் கார்கள், போலீஸ், தாசில்தார், பொன்னாடைகள். தலைவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கண்ணாடி வழியாக டேங்குக்குள் எட்டிப் பார்த்தார். துறை அதிகாரி ஒருவர் அழுத்தம், ஆக்சிஜன் என்று இங்கிலீஷில் விளக்கிக்கொண்டே போனார்.

"எல்லாஞ் சரி, ஒரு ஆளு உள்ளே படுத்தா எப்படி இருக்கும்னு பார்ப்போமே" என்றார் தலைவர்.

அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செல்வினுக்கு உடனே மனசில் பட்டது: உள்ளே படுத்தவனைத்தான் தலைவர் கேள்வி கேட்பார். அவன் முன்னால் போய், "நான் படுக்கேன் ஐயா" என்றான்.

உள்ளே மெத்தை விரித்திருந்தது. படுத்தான். கனமான கதவை யாரோ வெளியிலிருந்து சாத்தித் திருகினார்கள். சத்தம் எல்லாம் அறுந்துபோயிற்று. ஒரு விளக்கு எரிந்தது. வலது பக்கம் தோளில் ஈரம் பட்டது. ஓர் ஆள் மட்டுமே படுக்கக்கூடிய இடத்தில், அவனை ஒட்டிக்கொண்டு கிளைட்டன் படுத்திருந்தான்.

இத்தனை நாளும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்திருந்தவன் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அவன் உடம்பு குளிர்ந்திருந்தது. அவன் கால்கள் செல்வினின் கால்மேல் கனத்துக் கிடந்தன. செல்வின் தன் காலை அசைத்துப் பார்த்தான், அசைகிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் முகங்கள் குனிந்து குனிந்து பார்த்தன, படகில் இருக்கிறவர்கள் தண்ணீருக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி. மூச்சு வாங்கியது. எப்படியாவது வெளியே போனால் போதும், இந்த நிமிஷமே போனால் போதும் என்று உடம்பு முழுக்க ஒரே பதற்றம்.

தலைவரின் முகம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தது. உதடுகள் அசைந்தன. ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஆனால் என்ன கேட்கிறார் என்று தெரிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா? இல்லை என்று தலையை அசைத்தால் என்ன, ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள், கதவு திறக்க நேரமாகும். ஆமாம் என்றால் உடனே திறப்பார்கள்.

செல்வின் ஆமாம் என்று தலையாட்டினான்.

கதவு திறந்தது, கை தட்டினார்கள், யாரோ போட்டோ எடுத்தார்கள். அவன் உட்கார்ந்து மூச்சு விட்டு, "ஐயா" என்று வாயைத் திறப்பதற்குள் தலைவர் காரில் ஏறிவிட்டார். கலெக்டர் அலுவலகக் கூட்டத்தில் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார்கள். அழுத்தச் சிகிச்சை அறை, நிறைவேற்றப்பட்டது, படித்துப் பதிவு செய்யப்பட்டது. மூன்று மூச்சில் முடிந்துவிட்டது. கடைசி வரிசையில் எம்.எல்.ஏ. சார்பில் நின்றிருந்த செல்வின் கையைத் தூக்குவதற்குள் அடுத்த உறுதிமொழிக்குப் போய்விட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அவன் அவசரம் அவனை விடவில்லை. அவசரப்பட்டுத் தூக்கி ஒருவனைக் கொன்றது போதாதென்று, அவசரப்பட்டுத் தலையாட்டி டேங்கையும் கொன்றுவிட்டான்.

சாயங்காலம் உமாராணி பேசினாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"போட்டோ வந்துட்டு அண்ணாச்சி. நீங்க உள்ள படுத்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு. இனிமே குழுவுக்கு என்ன எழுதுனாலும் அந்தப் போட்டோவத்தான் காட்டுவாங்க. அடுத்த மானியக் கோரிக்கையில மறுபடியும் வெட்டுத் தீர்மானம் குடுத்து, முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அன்றைக்கே போய் ரீனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் காலையில்தான் போனான். ரீனா அடுப்பங்கரையில் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி அவன் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது. சுவரில் கிளைட்டன் படத்துக்குக் கீழே மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. மேசையில் பத்திரிகை விரித்துக் கிடந்தது.

"வாண்ணே, இரி. ஆப்பம் சுடுதேன். போட்டோவ நான் முந்தாநா ராத்திரியே செல்லுல பாத்துட்டேன்... இல்ல, நேத்தே. பாத்தியா, சந்தோசத்துல நாளே மறந்துபோச்சு."

"ஆன்டனி எங்க?"

"போயிட்டான். விடியமுன்னே போயிட்டான். அவன் கூட்டாளி கயிறு பிடிக்கான். நீ உள்ள படுத்துப் பாத்துட்ட, எல்லாம் சரின்னு சொல்லிட்ட, பொறவு நான் என்னத்தச் சொல்லி அவன நிறுத்த?"

செல்வின் உட்காரவில்லை. "ஏளா, அது வேல செய்யாது" என்றான். "காத்து மிசினு இன்னும் வரல. ஆளு இல்ல. உள்ள வெளக்கு மட்டுந்தான் எரியும்."

ரீனா கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். ஏன் தலையாட்டினாய் என்று அவள் கேட்பாள் என்று செல்வின் நின்றான். அவள் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள், அவன் பின்னாலேயே போனான்.

கரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் அவை பாட்டுக்கு வேலை செய்தன. ஏலக்கூடத்தின் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு படகாக வந்தது. ஆன்டனி போன படகு வரவில்லை. ரீனா வாய்க்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள், மணி கையில் இல்லாமல் விரலை மடக்கி மடக்கி. செல்வினால் ஜெபம் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் படகு வந்தது. ஆன்டனி தண்ணீரில் குதித்து நடந்தே வந்தான், அப்பனைப் போலவே தோளைச் சாய்த்துக்கொண்டு. முகமெல்லாம் பல். "என்ன மாமா, ரெண்டு பேரும் வந்து உக்காந்திருக்கீய?" என்று கேட்டான். பிறகு, டீ குடிக்க வேண்டும் என்றான்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் அவன் கால்களையே பார்த்தார்கள். "இங்கன உக்காரு" என்றாள் ரீனா. டீ வந்தது. அவன் சங்கைப் பற்றியும் அடியில் கண்ட பாறைத் திட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே குடித்தான். காலில் எறும்பு ஊறுகிறதா என்று செல்வின் கேட்டான். இல்லையே என்றான். கொஞ்ச நேரம் கழித்து ரீனா கேட்டாள். மறுபடியும் செல்வின் கேட்டான். பையனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. எழுந்து நின்று, இரண்டு காலாலும் மாறி மாறிக் குதித்துக் காட்டிவிட்டு, கூட்டாளியோடு சங்கை எடை போடப் போய்விட்டான். அவன் தெரு முனை திரும்பும்வரை இரண்டு பேரும் அவன் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிசினுக்கு அடுத்த தடவ சட்டசபையில எப்பக் கேப்பாவ?" என்றாள் ரீனா.

"ஏப்ரல்ல. மானியக் கோரிக்கை வரும்போது."

"அதுவரைக்கும் இனிமே அவன நிறுத்த முடியாதுண்ணே. கடலுக்குள்ள போயிப் பாத்துட்டான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கூட்டாளிப் பய வேண்டாம். நாளைக்கு நீ போ. அவன் கயித்த நீ பிடி."

"நானா" என்றான் செல்வின். தாய்மாமன் பிடிக்கிற கயிறுதான், ஊர் வழக்கத்தில் தப்பில்லை. ஆனால் அவள் அறியாத ஒன்று இருக்கிறதே. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அவன் வாயைத் திறந்தான்.

ரீனா அவனைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஆம்புலன்சுல போவையில அவுக எங்கிட்டச் சொன்னாவ. மச்சான் பயந்துபோயி வெரசாத் தூக்கிட்டான், அவன் மேல ஒரு சொல்லு சொல்லிராத, தெரிஞ்ச மாதிரியும் காட்டிக்கிடாத, தாங்க மாட்டான்னு சொன்னாவ. முன்னால நீ உக்காந்து அழுதுக்கிட்டு இருந்த."

செல்வின் தலையைக் குனிந்துகொண்டான். ரீனா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். அவன் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இந்தத் தடவ மெதுவாத் தூக்குண்ணே" என்றாள்.